தூக்கிவர வேண்டிய கதவு

ஊர் கெட்டுப்போச்சு என்று சொல்லாத பெரியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. என் தாத்தா சொன்னார். அப்பா சொன்னார். இப்போது டீக்கடை பெஞ்சில் என் வயசுக்காரர்கள் சொல்கிறார்கள். எப்போது கெட்டது, எந்த வருஷம் என்று கேட்டுப்பாருங்கள், ஒருவருக்கும் பதில் வராது. விபத்துக்குத் தேதி உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35 பேருக்கு மேல் இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தத் தேதியை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் கண்மாய் தூர்ந்துபோனதற்குத் தேதி கிடையாது. கம்பும் குதிரைவாலியும் காட்டைவிட்டுப் போனதற்குத் தேதி கிடையாது. அப்படித் தேதியில்லாமல் நடந்தவற்றை எழுதிவைத்தவர்கள் எங்கள் கரிசல் மண்ணின் கதைக்காரர்கள்தான்.

நான் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற கிராமங்களில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது விருதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாலிபத்தில் எனக்கு ராஜா ராணிக் கதைகளும் துப்பறியும் கதைகளும்தான் பிடிக்கும். வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு வந்து சேர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? கரிசல் எழுத்தாளர் புத்தகம் எதையாவது நண்பர் ஒருவர் நீட்டினால், "நம்ம ஊர்க் கஷ்டம் நமக்குத் தெரியாததாய்யா, அதைக் காசு குடுத்து வேற படிக்கணுமா?" என்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அந்த வயசு அப்படி. நம் கஷ்டம் நமக்குத் தெரியும் என்று முழுசாக நம்புகிற வயசு.

பிறகு எனக்கு மெல்ல மெல்லப் புரிந்த விஷயம், நம் கஷ்டத்தில் பாதி நமக்குத் தெரியவே தெரியாது என்பதுதான். கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும். ராத்திரியில் படுத்திருந்தால் அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரம்பை மண் அள்ளித் தங்கள் காட்டில் கொட்டும். காட்டுக்கு அது உரம், கண்மாய்க்கு அதுவே தூர்வாரல். ஒருவருக்கும் கூலி கிடையாது, உத்தரவும் கிடையாது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார். அறுவடையானதும் அவர் பங்கு தானியம் களத்திலேயே அளந்து கொடுக்கப்படும்.

நான் வாத்தியாராகி அந்தப் பக்கம் போனபோது, கண்மாய் ஒரு வருஷம் நிறைந்தால் மறுவருஷம் நிறையவில்லை. பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. என் மகன் வளர்ந்தபோது உள்ளே சீமைக்கருவேலம் கிளம்பியிருந்தது. அவனுக்குக் கண்மாய் என்றால் முள்ளுக்காடு, ஆடு மேய்கிற இடம். பேரனுக்கோ பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஒரு மேடு. ஒவ்வொருவரும் தான் முதலில் பார்த்ததையே கண்மாய் என்று நினைத்துக்கொள்கிறோம். எனவே ஒவ்வொரு தலைமுறைக்கும் நஷ்டம் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. மூன்று தலைமுறை நஷ்டத்தையும் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்கிற கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை.

சோ.தர்மனின் 'சூல்' நாவலைப் படித்தபோது அந்தக் கணக்கை ஒருவர் உட்கார்ந்து கூட்டியிருப்பதைக் கண்டேன். உருளைக்குடி என்ற ஒரே ஒரு ஊரின் கண்மாய்தான் அதில் நாயகன். எட்டயபுரம் ஜமீன் காலத்தில் ஊரார் கையில் இருந்த கண்மாய், சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் கைக்குப் போய், கடைசியில் யார் பொறுப்பும் இல்லாமல் நின்றதை அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த ஊர் அவருடைய சொந்த ஊர். நூற்பாலையில் தொழிலாளியாக வேலை பார்த்தவர் அவர். 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. படித்துவிட்டு நான் துக்கப்பட்டேன். ஆனால் துக்கத்தோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. அந்தக் கண்மாயை வெட்டியதும் காத்ததும் நம்மைப் போன்ற கை கால் உள்ள மனிதர்கள்தான். கடவுள் கொண்டுவந்து வைத்ததாக இருந்தால் போனது போனதுதான். மனிதன் செய்ததென்றால் மனிதனால் திரும்பவும் செய்ய முடியும். கெட்டுப்போன கதையை முழுசாகச் சொல்லும்போதே, கெடுவதற்கு முன்னால் அது எப்படி நடந்தது என்ற செய்முறையும் அதற்குள் வந்துவிடுகிறது.

தேய்வு என்பது ஒரே கோடாகக் கீழே இறங்குவதில்லை என்பதையும் எங்கள் மண்ணே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மழை பொய்க்கிற இந்த வறண்ட பூமியில் விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாமல்தான் தீப்பெட்டி வந்தது. 1922-இல் சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, பட்டாசுக்குப் பின்னால் அச்சகம் வந்தது. எந்த வெயில் பயிரைக் கொன்றதோ அதே வெயில் குச்சியையும் மருந்தையும் காயவைத்தது. குட்டி ஜப்பான் என்று பெயரும் வந்தது. பஞ்சத்தில் முளைத்த அந்த நம்பிக்கைதான் இன்றும் லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிறது.

அதே நம்பிக்கைக்குள்ளேயே ஒரு தேய்வும் வளர்ந்தது. விடிவதற்கு முன்னால் கிராமத்துக்குள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள். காலையில் நான் ஆஜர் எடுக்கும்போது பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது. சட்டத்தில் குச்சி அடுக்குவதற்குச் சின்ன விரல்தான் தோது என்று பெரியவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அதில் யாரும் கொடியவர் இல்லை. அடுப்பு எரியவேண்டும், அவ்வளவுதான். ஒரு சமூகம் தேய்வது பெரும்பாலும் இப்படித்தான். தப்பு என்று தோன்றாத அளவுக்கு அது பழகிப்போகிறது.

எழுத்தாளர் பூமணி அந்தப் பிள்ளைகளை வைத்து 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படமே எடுத்தார். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்டவேண்டும் என்று ஆனது. தீர்ப்பு, சத்துணவு, அறிவொளி எழுத்தறிவு இயக்கம், சங்கங்கள், கொஞ்சம் பயம், கொஞ்சம் வெட்கம் எல்லாம் சேர்ந்து, வருஷங்கள் போகப் போக என் பெஞ்சுகள் நிறைந்தன. இதற்கும் தேதி கிடையாது. கெட்டது தேதியில்லாமல் நடந்ததைப் போலவே நல்லதும் தேதியில்லாமல்தான் நடந்தது. ஊர் கெட்டுப்போச்சு என்று சொல்கிற என் வயசுக்காரர்களிடம் இதை மட்டும் நான் விடாமல் நினைவுபடுத்துவேன்.

அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்த 1990-களின் தொடக்கத்தில் ஒரு கிராமத்துச் சாவடியில் ராத்திரி வகுப்பு எடுத்தேன். பட்டாசு ஆபீஸில் வேலை முடிந்து, வீட்டில் உலை வைத்து இறக்கிவிட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அலுமினியப் பவுடர் நகக்கண்ணை விட்டுப் போகாது. சிலேட்டில் எழுதின எழுத்தைவிட அவர்கள் விரல்ரேகை பளிச்சென்று தெரியும். சரம் பின்னிப் பின்னிப் பழகிய விரல்கள் பலப்பத்தையும் திரியைப் பிடிப்பதுபோல நுனியில்தான் பிடிக்கும். எழுத்துக்கூட்டிச் சலித்துப்போகிற நேரத்தில் நான் ஏதாவது கதை வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் கி.ராஜநாராயணனின் 'கதவு' கதையை வாசித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஏழை வீட்டில் இருக்கிற ஒரே நல்ல பொருள் பழைய கதவு. லட்சுமியும் சீனிவாசனும் தெருப் பிள்ளைகளும் அதில் ஏறி நின்று பஸ் விளையாட்டு விளையாடுவார்கள். அதில் தீப்பெட்டிப் படம் ஒட்டி அழகு பார்ப்பார்கள். அப்பா பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கிறார். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாடைக்காற்று வீட்டுக்குள் நேராக வருகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னால் கரையான் அரித்துக் கிடக்கும் அந்தக் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். கதை அங்கே முடிகிறது.

வாசித்து முடித்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள். "சார், கதவத் திருப்பிக் குடுத்தாகளா?"

"அது கதையில இல்லம்மா" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு இந்தக் கத? புள்ளையும் செத்துப்போச்சு, கதவும் வரல" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயமான கேள்விதான். என்ன சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, தூணோரம் சாய்ந்திருந்த ஒரு மூத்த அம்மா பேசினார்கள்.

"ஏ புள்ள, கதவு எங்க கெடக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே தூக்கிட்டு வர்றதுதான பாக்கி."

நாங்கள் உட்கார்ந்திருந்ததும் சாவடிதான். ஒருத்தி எழுந்துபோய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "சரி சார், பாடத்த நடத்துங்க" என்றார்கள் அந்த அம்மா.

தேய்வைச் சொல்கிற கதைகள் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் இதுவரை எந்த விமர்சகரிடமும் கேட்டதில்லை. எதை இழந்தோம் என்று தெரியாதவர்கள் எதையும் மீட்கப் போவதில்லை. இழந்தது எங்கே கிடக்கிறது என்று காட்டுவதோடு கதைக்காரர் வேலை முடிந்தது. தூக்கி வருவது நம் வேலை.

இந்த எழுத்தாளர்கள் யாரும் எனக்கு எளிதான ஆறுதல் சொன்னதில்லை. பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது. மணலூத்து என்ற கிராமத்தில் செருப்புத் தைக்கிற அழகிரியின் வாழ்க்கை அது. சுதந்திரம் வந்துவிட்டது, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிற நாவல். அவருடைய 'அஞ்ஞாடி' இன்னும் பெரிய நூல். 1899-இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி கொள்ளையும் தீயுமாக இருந்த நாட்கள் வரைக்கும் அது போகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய கதை அது. அன்றைக்கு ஒருவருக்கு ஒருவர் அரிவாள் தூக்கிய வம்சங்களின் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பகை முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். 1899-ஐ அறிந்தவனுக்குத்தான் அந்த பெஞ்சின் அருமை தெரியும்.

ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையில் வருகிற மாரியம்மாளையும் சொல்லாமல் இருக்க முடியாது. 'பூ' என்று 2008-இல் படமாக வந்ததும் அந்தக் கதைதான். ஆசைப்பட்ட மச்சான் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். இவளும் வேறு ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒருநாள் வேகாத வெயிலில் அவனைப் பார்க்கப் போகிறாள். அவன் சந்தோஷமாக இல்லை என்று தெரிந்ததும் தாங்கமாட்டாமல் அழுகிறாள். தனக்குக் கிடைக்கவில்லை என்று அவள் அழவில்லை. அவன் நன்றாக இல்லையே என்றுதான் அந்த அழுகை. மழை போகலாம், தொழில் போகலாம். அடுத்தவர் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற இந்த மனசு போகாதவரைக்கும் ஒரு ஊர் செத்துவிட்டதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது மறுபடியும் ஒரு தேய்வுக் காலம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. வெடிக்க இரவு எட்டிலிருந்து பத்து மணி வரை இரண்டு மணி நேரம்தான் என்றது. காற்று கெடுகிறது என்பதில் நியாயம் இருக்கிறது. தலைநகரத்துக் குழந்தையின் மூச்சும் மூச்சுதான். ஆனால் பேரியத்தைப் பச்சை உப்பு என்று சொல்லிப் பழகி, அதை வைத்தே மத்தாப்பு மருந்து கலக்கப் படித்த தொழிலாளிக்கு மாற்று வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகளை மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை. தீப்பெட்டியின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். பதினான்கு வருஷமாக ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-இல்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடைக்குள் வந்துவிட்டது.

ஆலைகள் மூடிக்கிடந்த அந்த மாதங்களில், எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்து மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டை மூடவில்லை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் எடுத்துப் போனவர்கள் பெயரை எழுதிக்கொண்டே வந்தார். ஒரு நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டு போட்டார். "எப்பய்யா திரும்பி வரும்?" என்று நான் கேட்டேன். "ஆபீஸ் தொறந்தா வரும். தொறக்கலைன்னா எனக்கு மட்டும் யாரு இருக்கா?" என்றார். அதைத் தர்மம் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. மேலாண்மை பொன்னுச்சாமி ஞாபகம் வந்தது. எங்கள் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் ஒரு சின்னக் கடை வைத்துப் பிழைத்தவர், ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். கடைக்கு வருகிறவர்களின் வாழ்க்கையை எழுதி எழுதியே 'மின்சாரப்பூ' தொகுப்புக்காக 2008-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். கஷ்டம் வரும்போது ஊரின் உண்மையான நிலவரம் கடன் நோட்டில்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் எழுத்தாளர் ஆகிறார்.

வயசாக ஆக ஒன்று தெளிந்திருக்கிறது. நம்பிக்கை என்பது நாளைக்கு நல்ல காலம் வரும் என்று சொல்லிக்கொள்வது அல்ல. அப்படிச் சொன்ன பலரை நான் பார்த்துவிட்டேன், மழை அவர்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. கரம்பை அள்ளுவதும், பெஞ்சை நிறைப்பதும், கடன் நோட்டைத் திறந்து வைப்பதும்தான் நம்பிக்கை. அதை யாராவது ஒருவர் தினம் செய்துகொண்டே இருக்கவேண்டும். தேய்வு மெதுவாக நடப்பதில் ஒரே ஒரு நன்மை உண்டு. எதிர்த்து வேலை செய்ய நேரம் கிடைக்கிறது.

2017-இல் அரசு, ஊரார் கூடிச் செய்த பராமரிப்புக்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே கண்மாய் வேலைகளைத் தொடங்கியது. அப்போது ஒரு பொறியாளர் பையன் வந்து, "ஐயா, ஒங்க காலத்துல தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" என்று கேட்டான். கரைமேல் நடந்துபோய் இடத்தைக் காட்டினேன். அவன் அதை அளந்து குறித்துக்கொண்டான். எனக்குப் பிறகு வருகிறவனுக்கு அந்த இடத்தைக் காட்ட நான் இருக்க மாட்டேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்கள் பார்த்த கண்மாய், விதைத்த தானியம், போன வேலை, வாங்கிய கூலி எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நடை நன்றாக இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. கரிசல் எழுத்தாளர்களின் புத்தகம் ஒன்றையாவது வாங்கிப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஏன் இந்தக் கதை சோகமாக முடிகிறது என்று அவர்கள் கேட்பார்கள். முடியவில்லை, மிச்சத்தை நாம்தான் செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.